நாகவல்லி மாற்றிய பேர்

"லாரி வாசல்ல நிக்குது, ஸ்டாக் எங்கம்மா?" என்று மேனேஜர் கலியமூர்த்தி கத்தினார். "சாயங்காலத்துக்குள்ள சரக்கு கிளம்பலைன்னா உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல!"

நாகவல்லி திரையைப் பார்த்தாள். மண்ணூர்பேட்டை ஸ்பிரிங் கம்பெனிக்குக் கல்யாண லீவு முடிந்து இன்றுதான் திரும்பியிருந்தாள். உடம்பு கம்ப்யூட்டர் அறையில் இருந்தது. மனசு இன்னும் மாங்காட்டுக் கோயில் பிராகாரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

வம்பு காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. கிடங்குச் சரக்குக் கணக்கெல்லாம் சர்வரில் ஒரு டேட்டாபேஸில் இருந்தது. அதன் பேர் மதுரைவீரன். போன வருஷம் சர்வர் வந்தபோது இன்ஜினியர் ஜேம்ஸ் வைத்த பேர். கிடங்குக்குக் காவல் தெய்வம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஜேம்ஸுக்கு அந்தச் சாமிமேல் என்ன பக்தி என்று அவள் யோசிக்கவில்லை.

பிறகு, பெண் பார்க்க வந்த ஆவடி எலெக்ட்ரீஷியனின் பேரும் அதுவே என்றதும் அவளுக்குச் சிலிர்த்துப்போனது. சாமியே அனுப்பிய மாப்பிள்ளை என்று மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டாள்.

இப்போது அவர் புருஷன். புருஷன் பேரைச் சொல்வதே தப்பு, தினமும் விரலால் தட்டுவதா? காலையில் வந்ததும் டேட்டாபேஸின் பேரை 'மல்லிகை' என்று மாற்றினாள். மனசு லேசாயிற்று.

ஆனால் பில் போடும் புரோகிராமுக்கு மல்லிகையைத் தெரியவில்லை. பழைய பேரையே கேட்டு அடம்பிடித்தது. அதைத் தன் விரலால் தட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

"துலுக்கானம் அண்ணே, எங்க ஊட்டுக்காரர் பேர்ல புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுக் குடுங்களேன்."

"அதுக்கின்னாம்மா, குட்த்துட்டா போச்சு" என்று பியூன் துலுக்கானம் ஒற்றை விரலால் தட்டிக்கொடுத்துவிட்டு, லாரி டிரைவரை டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

புரோகிராம் ஓடியது. கிடங்கில் ஒரு ஸ்பிரிங்கூட இல்லை என்றது.

புதியது காலி அல்லவா! மல்லிகையில் இருப்பதை இதற்கு மாற்றினால் தீர்ந்தது. நேற்று மின்சார ரயிலில் அவர் வேர்க்கடலை உரித்து உரித்துக் கையில் வைத்த நினைப்பு வந்தது. அந்த நினைப்பிலேயே காலியானதை எடுத்து மல்லிகைமேல் போட்டாள். இப்போது இரண்டும் காலி.

அழுதுகொண்டே ஜேம்ஸுக்குப் போன் போட்டாள்.

"பேக்கப் டேப்பைப் போடும்மா. பேரை அடிச்சுட்டு, எண்டர் தட்றதுக்கு முன்னாடி வாய்விட்டுச் சொல்லு. நீ இன்னிக்குப் பண்ண வேலைக்கு உன்னை நம்ப முடியாது."

"அதான் சார்... அவர் பேரு."

"எவரு?"

"எங்க ஊட்ல கீறவரு."

"அம்மா, நான் ஸ்டாக்கைக் கேக்கறேன்!"

வெளியே லாரி ஹாரன் அடித்தது. நாகவல்லி ஒவ்வொரு எழுத்தாய் அடித்து முடித்து, தாலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடினாள்.

"மதுரைவீரன்!"

பக்கத்து அறையில் டைப்ரைட்டர்கள் நின்றன. திரையில் ஸ்பிரிங்குகள் வரிசை வரிசையாகத் திரும்பி வந்தன. பிரிண்டர் கிறீச்சிட்டது. லாரி கிளம்பியது.

வெட்கமும் நிம்மதியுமாக அவள் துலுக்கானத்திடம் சொன்னாள்: "எங்களைச் சேத்து வெச்ச சாமி பேரை மாத்தினேன்ல அண்ணே, அதான் தண்டனை."

துலுக்கானம் சிரித்தார். "இன்னா சாமி? போன வருஷம் சர்வருக்கு ஒயர் இழுக்க வந்து, ஏணி மேலேர்ந்து உன்னைப் பாத்த உன் ஊட்டுக்காரன்தான், 'கண்ணாலம் ஆனா இந்தப் பொண்ணு என் பேரைச் சொல்லாது, அதுக்கு மின்னாடியாவது தெனம் டைப் அடிக்கட்டும்'னு ஜேம்ஸ் சாருக்குப் பிரியாணி வாங்கிக் குட்த்து அந்தப் பேரை வெக்கச் சொன்னான். ஏணி புடிச்சது நானு!"