குறை சொல்லாத புதன்கிழமை

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் உடம்பளவில் சௌக்கியம். மற்ற அளவுகளை விசாரிக்க வேண்டாம். மாப்பிள்ளையின் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மறுபடி போனில் சொன்னால் வீட்டில் காதில் விழும் என்றுதான் கடிதம்.

என் மகள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பரிசோதனைக்கூடத்தின் தலைமைப் பொறுப்பைத் தருகிறார்கள், மாதக் கடைசிக்குள் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும், இவளோ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "எனக்கெதுக்குப்பா அது? நாலு பேர் முன்னாடி பேச வராது, கை வேகம் பத்தாது, என்னைவிடக் கெட்டிக்காரங்க எத்தனையோ பேர்" என்று ஒவ்வொன்றாக அடுக்கினாள். அது அவள் குரலே இல்லை, என் குரல். முப்பது வருஷமாகப் பழைய மரச்சாமானை விலை குறைத்து வாங்குகிற குரல்: "கால் ஆடுது, மேல கீறல், அடியில கரையான்." என் கடையில் உட்கார்ந்துதான் அவள் பள்ளிப் பாடம் எழுதினாள். அவளுடைய மதிப்பெண் அட்டையையும் நான் அதே குரலில்தான் புரட்டினேன்.

உனக்குப் போன் பண்ணினேன். "அண்ணா, முதல்ல உன் தன்மதிப்பைச் சரி பண்ணு. தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு உன்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லு. அப்புறம் அவளை வாய் நிறையப் பாராட்டு" என்றாய். சரி என்று கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, கண்ணாடி பதித்த பீரோ ஒன்றின் முன்னால் நின்று, "நீ உறுதியானவன், எவ்வளவு பாரம் வெச்சாலும் தாங்குவே, இன்னும் இருபது வருஷம் அசையமாட்டே" என்றேன். பின்னால் சாமான் வாங்க வந்த ஒரு டீச்சரம்மா. "யாரைச் சொல்றீங்க?" என்றார். வெட்கத்தில், "பீரோவைத்தாம்மா" என்றேன். உடனே வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பீரோ விலை போயிற்று. நான் அங்கேயே நிற்கிறேன்.

என் கதை போகட்டும், மகளையாவது தேற்றுவோம் என்று புதன்கிழமை சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கினேன்: "நீ அருமையான பொண்ணும்மா, உன்கிட்ட ஒரு குறையும் இல்ல, நீ எங்க போனாலும் நல்லாயிருப்பே." அவள் முகம் சுண்டிப்போயிற்று. "என்னப்பா, என்னை வேண்டாம்னு அனுப்பறீங்களா?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாங்க நினைக்கிற சாமானுக்குத்தான் நான் குறை சொல்வேன். வேண்டாத சாமான் வந்தால், "அருமையான சாமான், ஒரு குறையும் இல்ல, எங்க கொண்டுபோனாலும் நல்ல விலை வரும்" என்று சிரித்த முகத்தோடு வாசல்வரை வந்து அனுப்பிவைப்பேன். இதையெல்லாம் பார்த்தே வளர்ந்தவள். பதறிப்போய், "இல்லம்மா, உனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி, கோபம் ஜாஸ்தி" என்று கைக்குக் கிடைத்த குறைகளை எல்லாம் எடுத்துப் போட்டேன். அதையும் நின்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "நீங்க பேசாத நாள்ல இந்த வீடு நல்லாத்தான் இருக்கு" என்றாள் உன் அண்ணி.

இந்த வேலை அவள் கைவிட்டுப் போனால் அந்தப் புதன்கிழமைதான் காரணம், அதற்கு நானும் நீயும்தான் பொறுப்பு. கடிதம் கண்டதும் புறப்பட்டு வா. நீ பேசினால் கேட்பாள்.

மாப்பிள்ளைக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். அவர்களைப் பற்றிக் குறை எதுவும் எழுதவில்லை. அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். ஒட்ட மறந்த உறையை விலாசம் எழுதச் சொல்லி அவளிடம் கொடுத்தேன், உள்ளே இருந்ததை முழுக்கப் படித்துவிட்டாள். "நான் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துப் பத்து நாளாச்சுப்பா. உங்க புதன்கிழமை எதையும் கெடுக்கல" என்றாள். ஆக, கெடுப்பதற்குக்கூட நான் லாயக்கில்லை. வாங்க நினைக்கிற சாமானுக்குத்தான் குறை சொல்வேன் என்று நான் எழுதிய வரியை இன்னொரு தரம் படித்தாள். "நாளைக்குப் பெரிய டாக்டரைப் பார்த்து நான் வேண்டாம்னு எழுதிக் குடுத்த கடிதத்தைத் திருப்பிக் கேக்கப் போறேன். குடுப்பாங்களான்னு தெரியல. கூட வர்றீங்களா?" என்றாள். வருகிறேன் என்றேன். "ஆனா நீங்க வெளியதான் உக்காரணும். நான்தான் பேசுவேன்." சரி என்றேன். கதவுக்குப் பக்கத்து பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன்.