குண்டு மழையில் ஓர் ஓட்டை

ஞாயிற்றுக்கிழமை அந்த வீடியோ கேம் எந்திரத்தில் ஒற்றைக் காசு போட்டே கடைசிப் பூதத்தை வீழ்த்துவது, முடியாவிட்டால் இந்த ஜென்மத்தில் விளையாட்டுக் குச்சியைத் தொடுவதில்லை என்று மிச்சிஹாரு சபதம் செய்தார். திங்களன்று விளையாட்டுக் கடைக்காரர் அந்த எந்திரத்தைத் தூக்கிவிட்டு, பொம்மை கவ்வும் பெட்டி ஒன்றை வைக்கப் போகிறார். பூதத்தோடு பதினோரு வருஷப் பகை. தீர்க்க ஒரே நாள்.

அதே நாளில்தான் கோயில் வளாகத்தில் இருக்கும் தன் அப்பாவின் கல்லறையைக் கழுவி ஊதுவத்தி ஏற்ற வேண்டும் என்றாள் மனைவி ஃபுசாயே.

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு. எலும்பு வைத்தியர்கிட்ட போகணும்."

"ஐயோ பாவம். நீங்க போயிட்டு வாங்க. கோயிலுக்கு நான் மட்டும் போய்க்கறேன்."

இவ்வளவு சீக்கிரம் அவள் இறங்கி வந்தது உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. நம்பா கடைத்தெருவில் அந்த விளையாட்டுக் கடை திறந்ததும் முதல் ஆளாக உட்கார்ந்து நூறு யென்னைப் போட்டார். அதைத் தவிர வேறெந்தக் காசையும் அந்த எந்திரம் விழுங்காது.

நாற்பது நிமிஷம் கழித்துக் கடைசிப் பூதம் வந்தது. திரை முழுக்கக் குண்டுகள். சிவப்பு, நீலம், ஊதா என்று பூப்பூவாகச் சுழன்று விரிந்தன. அவருடைய விமானத்தின் நடுவே எள்ளளவு ஒரு புள்ளி. அதில் படாதவரை உயிர். இரண்டாயிரம் குண்டுகளுக்கு நடுவே அந்த எள் நுழைய ஓட்டை தேட வேண்டும். தேடினார். நுழைந்தார். பின்னால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. ஐம்பத்து நாலு வயதில் ஒரு மனிதனுக்கு இதெல்லாம் எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பதில் வருவதற்குள் அடுத்த குண்டு வந்துவிட்டது.

"என்னங்க, இடுப்பு எப்படி இருக்கு?"

குரல் பக்கத்து இருக்கையிலிருந்து வந்தது. திரும்ப முடியாது. திரும்பினால் சாவு.

"ஃபுசாயே! பேசாதே! கடைசி உயிர்!"

"எனக்கும் நீங்க ஒரே உயிர்தாங்க. அந்த உயிர் ஸ்டேஷன் படியை ரெண்டு ரெண்டாத் தாண்டினதை பால்கனியிலேர்ந்து பாத்தேன்."

டிக். காசு இரும்பில் தட்டும் சத்தம்.

"ரெண்டாவது ஆளு காசு போடற இடம் இதுதானே? போட்டுப் பொத்தானை அமுக்கினா நானும் உள்ள வந்துருவேன். அப்புறம் உங்க ஒத்தைக் காசு ஜெயிப்பு செல்லாது. சோறு திங்கறப்ப தினமும் சொல்வீங்களே."

"போட்டுடாதே! என்ன வேணும், சொல்லு!"

"அடுத்த ஞாயிறு கல்லறை. நீங்க மட்டும்."

"சரி!" ஊதாக் குண்டு ஒன்று உரசிப் போனது.

"குளியல் தொட்டி தேய்க்கணும்."

"சரி!"

"வருஷம் பூரா."

"ஏய், அது..."

டிக்.

"சரி, சரி!"

"அக்கா பத்து நாள் வந்து தங்கறா."

"பத்து நாளா!"

"பன்னெண்டு."

"பத்து! பத்துக்கு ஒத்துக்கறேன்!"

கூட்டத்தில் ஒருவர் பொறுக்க முடியாமல் கத்தினார். "குடுத்துடுங்கண்ணே! பூதம் இன்னும் கொஞ்சத்துல அடங்கிடும்!"

"எந்தப் பூதத்தைச் சொல்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே மிச்சிஹாரு இடப்பக்கம் ஒரு மயிரிழை நகர்ந்தார். திரை வெள்ளையாக வெடித்தது. பூதம் தூள் தூளாகச் சிதறியது.

கைதட்டல். கடைக்காரர் அவர் பெயரைப் பலகையில் எழுத ஓடினார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மிச்சிஹாரு முதல்முறையாகத் திரும்பினார்.

"நிஜமாவே போட்டிருப்பியா?"

ஃபுசாயே உள்ளங்கையை விரித்தாள். மஞ்சளாக ஓர் ஐந்து யென் காசு.

"கோயில் உண்டியல்ல போட்டது போக மிச்சம். இதை இந்த எந்திரம் வாங்காதுன்னு சொன்னதும் நீங்கதான். அக்கா புதன்கிழமை வர்றா."

இரண்டாயிரம் குண்டுகளுக்கு நடுவே ஓட்டை கண்டுபிடித்த கண்ணுக்கு, அந்தக் காசின் நடுவே இருந்த ஓட்டை மட்டும் தெரியாமல் போயிருந்தது.