அம்மாவின் கன்னத்தில் ஒரு பிரைமர்

குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவளை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அந்தக் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை வாசிப்பவள் நான், வங்கியில் கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டுபவள் நான். எனவே தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் நான் சொன்னால் சொன்னதுதான். (சாமி படத்துக்கே இரண்டாவது இடம்தான்.) அந்தத் திமிரில்தான் ஒரு நாள் அம்மாவின் முகத்தில் கைவைத்தேன்.

அப்போது என்னைப் பெண் பார்க்க, ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. பையன் என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்தவர். எங்கள் இருவருக்கும் பிடித்திருந்தது. அவருடைய அம்மாவுக்குத்தான் பிடிக்க வேண்டும். "தோட்டத்துப் பொண்ணா?" என்று அந்த அம்மா இழுத்துக் கேட்டதாக அவரே என்னிடம் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

என் முகத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. நான் விஞ்ஞான டீச்சர். முகத்திலேயே பட்டம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். கவலையெல்லாம் அம்மாவின் முகத்தைப் பற்றித்தான். கல்யாணமாகி வந்த நாள் முதல் கொழுந்து பறிக்கும் மலையில் வெயிலும் பனியும் மாறி மாறி அடித்த முகம். ஜனவரிக் காற்றில் கன்னம் வெடித்துச் செதில் எழும்பும். அம்மா அடுப்படியில் தேங்காயெண்ணெயை உருக்கித் தடவிக்கொள்வார். அவருக்குத் தெரிந்த ஒப்பனை அவ்வளவுதான்.

கைப்பேசியில் ஒரு சென்னைப் பெண் பாடம் நடத்தினாள். வறண்ட, வயதான தோலில் நேராக மேக்கப் போட்டால் சுருக்கத்துக்குள் போய் அடைந்துகொள்ளுமாம். முதலில் ஈரம் தரும் பிரைமர் ஒன்றைப் பூச வேண்டுமாம். தோலுக்கும் மேக்கப்புக்கும் நடுவே போடும் அடிப்பூச்சு.

"பிரைமரா? அது செவத்துக்கு அடிக்கிறதுல்ல?" என்றார் அப்பா. தோட்டத்துக் கோயிலுக்குப் பெயின்ட் அடித்த அனுபவம்.

ஹட்டனில் ஏறி இறங்காத ஃபேன்ஸி கடை இல்லை. கடைசிக் கடையில் ஒரு பிள்ளை சின்னக் குழாய் ஒன்றை எடுத்து வைத்தாள்.

"அக்கா, ஒங்களுக்கா?"

"அம்மாவுக்கு."

"அம்மாமாருக்கு ஒண்ணும் வாறதில்லக்கா. யாரு வாங்குவா? இது மட்டுந்தான் இருக்கு. எண்ணெய் வழியிற மூஞ்சிக்கு."

இங்கேதான் என் படிப்பு வேலை செய்தது. அம்மாவின் தோல் வறண்டது. ஆனால் அம்மா எண்ணெய் பூசுகிறார். எண்ணெய் பூசினால் அது எண்ணெய்த் தோல். ஆகவே இந்தப் பிரைமர் பொருந்தும். (இதே தர்க்கத்தை என் மாணவன் யாராவது எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன்.)

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவைக் கட்டிலில் உட்கார வைத்தேன். எண்ணெய், அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் என்னுடைய வெளுத்த நிற ஃபவுண்டேஷன்.

"இழுத்துப் பிடிக்குது புள்ள."

"அப்பிடித்தாங்கம்மா இருக்கும். பேசாம இருங்க."

கண்ணாடியைப் பார்த்த அம்மா, "இது யாரு?" என்று மட்டும் கேட்டார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் வந்தார்கள். பையன், அவருடைய அம்மா, தரகர் ராமையா மாமா. அம்மா தேத்தண்ணி ஊற்ற அடுப்படிக்குப் போனார். அடுப்புச் சூட்டில் எண்ணெய் இளகியது. எண்ணெய்க்கு மேலிருந்த பிரைமர் திரண்டு, பென்சில் அழிறப்பர் தூள் போல உருண்டு உதிர்ந்தது. முகம் அரிக்க, அம்மா முந்தானையால் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துடைத்திருக்கிறார். தட்டோடு வெளியே வந்தபோது துடைத்த இடம் மாநிறம், துடைக்காத இடம் வெள்ளை. கன்னம், நெற்றி, உதட்டோரம் எங்கும் திட்டுத் திட்டாக வெண்படை. நடுவில் செதில்.

பையனின் அம்மா எடுத்த கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"எவ்வளவு காலமா இப்பிடி?" என்று மெதுவாகக் கேட்டார்.

மலை வேலையைத்தான் கேட்கிறார்கள் என்று என் அம்மா நினைத்துவிட்டார். "கல்யாணம் முடிச்சதுலேருந்துங்க. எங்கம்மாவுக்கும் இதாங்க. இந்தப் புள்ள ஒண்ணுதான் தப்பிச்சிருச்சு."

அந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"இது மேக்கப்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், ஏன் பூசினாய் என்று கேட்பார்கள். பெற்ற தாயின் முகத்தை உங்களுக்குக் காட்ட வெட்கமாக இருந்தது என்று எப்படிச் சொல்வது? குடிக்காத கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்தேன். அவர்கள் எழுந்து போனார்கள்.

அடுத்த நாளே ராமையா மாமா வந்து வாசலில் நின்றபடி சொன்னார்: "பரம்பரை நோயின்னு சொல்றாங்க. நான் என்னா செய்ய?"

அவர் எங்களிடம் மட்டும் சொல்லவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் அம்மாவுக்குத் தண்ணீர்ப் போத்தல் நீட்டுவதை நிறுத்தினார்கள். அம்மா உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள் எழுந்தாள். ஒரு நாள் அம்மா கூடையைக்கூட இறக்காமல் என்னிடம் வந்து கேட்டார்.

"எனக்கு என்னா நோய் புள்ள?"

சொன்னேன். எல்லாவற்றையும். அம்மா திட்டவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து பீலியில் வழியும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு முகத்தைக் கழுவினார். எண்ணெய்கூடத் தடவவில்லை. நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறினார். நான் பின்னால் ஓடினேன்.

துணிக்கடை நிறையச் சனம். அம்மா நேராக, பையனின் அம்மா உட்கார்ந்திருந்த கல்லாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"அம்மா, நல்லாப் பாத்துக்கங்க. இது வெயிலு. இது பனி. வேற ஒண்ணும் இல்லீங்க. தொட்டும் பாருங்க. அன்னைக்கி இருந்தது எம்மக பூசுனது."

"எதுக்குப் பூசுனா?"

கடையே என்னைப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது.

"பனிக்கு இதமா இருக்கும்னுங்க" என்றார் அம்மா.

உள்ளே சேலை மடித்துக்கொண்டிருந்த அந்தப் பையன் தலை நிமிரவில்லை. ஒரே சேலையை மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

நோய் என்ற பேச்சு அதோடு நின்றது. பெண்கள் மறுபடியும் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்கள். கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. "நோய் இல்லாட்டியும் தோட்டம் தோட்டந்தானே" என்று அந்த அம்மா சொன்னதாக மாமா வந்து சொன்னார். அந்தப் பையன் எதுவும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

பிறகு கொத்மலையிலிருந்து இன்னொரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வந்தது. அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா ஈர முகமும் துவாயுமாக வாசலுக்கு வந்துவிட்டார். "மொதல்ல என்னயப் பாத்துருங்க. பொண்ண அப்புறம் பாக்கலாம்." வந்தவர்கள் திகைத்துப் போய் நின்றார்கள். என் மாமியார்தான் முதலில் சிரித்தவர்.

இப்போது எங்கள் வீட்டில் எந்த விசேஷமானாலும், படம் எடுக்க எல்லோரும் வரிசையாக நின்றதும் என் கணவர் கத்துவார்: "அத்தை, முகம் கழுவியாச்சா?" அம்மா வலது கன்னம், இடது கன்னம் இரண்டையும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் உட்காருவார். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், என் முகத்துப் பூச்சு வெடிக்காத அளவுக்கு.