மூலையில் ஒரு மூளை

அன்பும் அதிகாரமும் ஒருங்கே குடிகொண்ட என் அருமைத் தங்கைக்கு, உன் ஒரே அண்ணனும், உன் வீட்டின் தற்காலிக ஆட்சியாளனும், இன்று மாலை நான்கு மணி முதல் கல்வித்துறையின் விடிவெள்ளியுமாகிய நான் வாழ்த்துச் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். ‘எல்லாரும்’ என்றதில் சோபாவைச் சேர்க்கவில்லை. அதன் நிலைமை கொஞ்சம் பின்னால் வருகிறது. பயிற்சி வகுப்பில் உனக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறதா, தலையணை கழுத்துக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை நீ பதிலில் எழுது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் கத்துவாய், நான் மீதியை மறந்துவிடுவேன். இதைப் படிக்கும்போதும் கத்துவாய். ஆனால் எனக்குக் கேட்காது.

நீ கிளம்பும்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போன இருபத்து மூன்று விதிகளை நான் மனப்பாடம் செய்துவிட்டேன். வியாழக்கிழமை மழலையர் பள்ளி டீச்சர் வீட்டுக்கே வருவார், அதற்குள் ஹாலில் ஒரு கற்றல் மூலை தயாராக வேண்டும், அங்கே விளையாடிப் பழகினால் பிள்ளைக்குக் கூச்சம் போகும் என்பது உன் திட்டம். மூத்தவளுக்கு ‘நீதிபதி’ என்று நான் பேர் வைத்தது சும்மா இல்லை. ஐந்து வயதில் வீட்டுக்குள் அவள் செய்கிற குறுக்கு விசாரணையில் எட்டு வக்கீல்கள் தொழிலையே விட்டுவிட்டு ஓடுவார்கள். அப்பேர்ப்பட்டவள், வெளியாள் முன்னால் நிறுத்தினால் வாயைத் தைத்துக்கொள்கிறாள். இரண்டு பள்ளிகளில் பேரைக் கேட்டதற்கே பதில் வரவில்லை, ‘இன்னும் ஒரு வருஷம் போகட்டும்’ என்று திருப்பி அனுப்பினார்கள். இது மூன்றாவது பள்ளி. இதுவும் போனால் அவள் ஒரு வருஷம் வீட்டில், நீயும் வீட்டில். இந்தப் பயிற்சிக்குப் பிறகு கிடைக்கப்போகிற மேற்பார்வையாளர் வேலை வேறு யாருக்கோ. ‘டீச்சர் முன்னாடி அவ ஒரு வார்த்தை பேசினாப் போதும் அண்ணா, ஒரே ஒரு வார்த்தை’ என்று பஸ் படியில் நின்று சொன்னாயே, அதை மட்டும் நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டேன்.

முதல் விதி, அலமாரி குழந்தையின் உயரத்துக்கு இருக்க வேண்டும். தச்சர் காதில் பென்சிலோடு வந்து, ‘பாப்பாவைக் கூப்பிடுங்க சார், அளவெடுக்கணும்’ என்றார். புதுக் குரலைக் கேட்டதும் நீதிபதி திரைச்சீலைக்குள் மறைந்துவிட்டாள். அகப்பட்டவன் உன் இரண்டரை வயதுச் சின்னவன், நம் புல்டோசர். தச்சர் கிடைத்த குழந்தையை அளந்தார், அளந்ததை அடித்தார். அலமாரி நீதிபதியின் இடுப்புக்கு வரவில்லை; கீழ்த்தட்டில் புத்தகம் எடுக்க வேண்டுமென்றால் தரையில் படுக்க வேண்டும். ‘படுத்துக்கிட்டே படிக்கலாம் சார், வசதிதானே’ என்றார். குறையைத் திருப்பிப் போட்டு வசதி என்று காட்டுகிற வித்தையை நான் அந்த மனிதரிடம்தான் கற்றேன். இந்தக் கடிதம் முழுக்க அதைத்தான் கையாளுகிறேன்.

நான்காம் விதி, விரலால் எழுதிப் பழக ஒரு தட்டு மணல். மணல் விற்கிறவருக்குப் போன் போட்டேன். ‘எத்தனை லோடு சார்?’ ‘ஒரு தட்டு.’ ‘தட்டா? அது எந்த வண்டி?’ ‘சாப்பிடற தட்டுங்க.’ எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. ‘சார், எனக்கு ஆயிரம் வேலை இருக்கு.’ அரை லோடுக்குக் குறைந்து வண்டி நகராதாம். ஆகவே நீ திரும்பி வரும்போது தெருவில் ஒரு மலைத்தொடர் தென்பட்டால் பயந்து வந்த வழியே போய்விடாதே, உன் வீடு அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர், ‘மாடி எடுக்கறீங்களா?’ என்று கேட்டார். ‘இல்லைங்க, பாப்பா ‘அ’ எழுதப்போறா’ என்றேன். அன்றிலிருந்து நான் வெளியே வந்தால் அவர் உள்ளே போகிறார்.

ஹாலில் இடம் வேண்டுமே என்று சோபாவைப் படுக்கையறைக்கு நகர்த்தினேன். அது அறை வாசல் வரைக்கும் மாப்பிள்ளை மாதிரி மிடுக்காக வந்து, அங்கே சிக்கி, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நிமிர்ந்து நிற்கிறது. படுக்கப் போகிறவர்கள் அதன் மேல் ஏறி இறங்கித்தான் போகிறோம். ‘உடல் அசைவுக்கு ஒரு விளையாட்டு’ என்ற பதினோராம் விதி இதோடு நிறைவேறியது. சோபா இருந்த இடத்தில், ஆறாம் விதிப்படி, ஊற்றி அளந்து விளையாடத் தண்ணீர்த் தொட்டி வைத்தேன். இதை உன் வீட்டுக்காரரிடம் சொல்ல மறந்துபோனேன். மனிதர் வேலை முடிந்து வந்தார், பையைக் கழற்றினார், திரும்பிக்கூடப் பார்க்காமல், கல்யாணமான நாளிலிருந்து உட்கார்கிற இடத்தில் உட்கார்ந்தார். தொட்டிக்குள் இருந்தபடியே ‘மச்சான்’ என்றார். ‘அசையாதீங்க மாப்பிள்ளை, எத்தனை சொம்புத் தண்ணி வெளியே போச்சுன்னு பிள்ளைங்க அளக்கட்டும், இதுதான் அறிவியல்’ என்றேன். நல்ல மனிதர், அளந்து முடிக்கும் வரை அசையவில்லை. பதினேழு சொம்பு.

திங்கட்கிழமை காலை எல்லாம் தயார். வண்ணக் காகிதம், பாய், பொத்தான் டப்பா, பொம்மைகள், படப் புத்தகங்கள். அரசர் யாராவது பார்த்திருந்தால் அரண்மனையைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொண்டிருப்பார். ‘நீதிபதி அவர்களே, வாங்க வாங்க, மாமா உனக்காகவே ஒரு மூலை பண்ணி வெச்சிருக்கேன்!’ என்று கைகூப்பினேன். பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது.

‘நான் ஒண்ணும் பண்ணலையே.’

‘என்ன பண்ணலை?’

‘பாலை அவன்தான் கொட்டினான். எனக்கு எதுக்கு மூலை?’

சொல்லிவிட்டு, மறுபேச்சுப் பேசாமல் போய், வண்ணக் காகிதத்துக்கு நடுவில் சுவரைப் பார்த்துக் கைகட்டி நின்றாள். ‘எத்தனை நிமிஷம் மாமா?’

அப்போதுதான் எனக்கு உறைத்தது தங்கச்சி. உன் வீட்டு அகராதியில் ‘மூலை’ என்பதற்கு ஒரே பொருள், ‘போய் மூலையில நில்லு!’ நான் முதுகு ஒடிய வேலை செய்து பிள்ளைக்கு ஒரு சிறைச்சாலை கட்டியிருக்கிறேன், அதுவும் தோரணம் கட்டி. ‘இது விளையாடற மூலைடா கண்ணு’ என்று கெஞ்சினேன். ‘மூலைல விளையாடக் கூடாது. அம்மா சொல்லியிருக்கா.’ நான் தலைகீழாக நின்றேன், குட்டிக்கரணம் போட்டேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் தண்டனைக் காலம் முடிந்தது என்று தானே முடிவு செய்து வெளியே வந்தவள், அன்று முழுக்க அந்தப் பக்கம் திரும்பவில்லை. புல்டோசர் மட்டும் அலமாரியின் மேல் குடியேறினான்.

செவ்வாய்க்கிழமை பெயர்ப்பலகை வந்து சேர்ந்தது. சனிக்கிழமையே ஸ்டிக்கர் கடைக்காரருக்குப் போன் செய்து ‘கற்றல் மூலை’ என்று சொல்லியிருந்தேன். பிரித்தால், நான்கு அடி நீளத்துக்கு, ஆரஞ்சு நிறத்தில், ‘கற்றல் மூளை’. கடைக்காரரைப் போனில் பிடித்து உலுக்கினேன். ‘நீங்க மூலைன்னுதான் சார் சொன்னீங்க. படிக்கிற இடத்துக்கு எவனாச்சும் மூலைன்னு பேர் வைப்பானா? பாவம், உங்களுக்கு நாக்கு புரளலைன்னு நானே திருத்திட்டேன். இதுக்கெல்லாம் நன்றி எதுக்கு சார்’ என்று வைத்துவிட்டார். அதைச் சுருட்டி எறியத்தான் போனேன். அதற்குள் நீதிபதி பின்னால் வந்து நின்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். ‘மூ… ளை. மூளை! யாரோட மூளை மாமா?’

எழுத்துப் பிழை என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்கும் உண்மைக்கும் எப்போது ஒத்துப்போனது? ‘என்னோடது’ என்றேன்.

‘உனக்குத்தான் மூளையே இல்லைன்னு அம்மா சொன்னாளே.’

‘எப்போ சொன்னா?’

‘எப்பவும்.’

‘இருந்துச்சுடா. தொலைஞ்சு போச்சு. இந்த இடத்துலதான் எங்கேயோ விழுந்து கிடக்கு. நானும் தேடித் தேடிப் பார்க்கறேன்.’

‘எவ்வளவு பெருசு?’

‘அதுதான் ஞாபகம் இல்லை.’

‘சின்னதாத்தான் இருக்கும்’ என்று சொல்லிவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினாள்.

அவ்வளவுதான். உலகத்தில் புதையல் தேடியவர்கள் எல்லாரும் அவளிடம் பாடம் படிக்க வேண்டும். மணலைச் சலித்தாள், தொட்டித் தண்ணீரைச் சொம்பு சொம்பாக எண்ணி வடிகட்டினாள். பொத்தான்களை இரண்டு தட்டில் பிரித்தாள். ஒன்று ‘மூளை இல்லை’, இன்னொன்று ‘இருந்தாலும் இருக்கும்’. ஏதாவது பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று ஒவ்வொரு புத்தகத்தையும், படுத்துக்கொண்டே, எழுத்து விடாமல் கூட்டிப் படித்தாள். தச்சர் வாழ்க. தேடிய இடம், தேடாத இடம் என்று வீட்டுக்கு ஒரு வரைபடம் போட்டாள். தம்பியின் வாயைத் திறந்து பார்த்தாள், அங்கே ஒரு பொத்தான் இருந்தது, மூளை இல்லை. உன் இருபத்து மூன்று விதியும் இரண்டே நாளில் நிறைவேறின, நான் பாயில் உட்கார்ந்து என் தலையைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

இன்று டீச்சர் வந்தார். குரல் கேட்டதும் பிள்ளை திரைச்சீலைக்குள் போய்விட்டாள். டீச்சர் நல்ல மாதிரி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். ‘உன் பேர் என்னம்மா?’ திரைச்சீலை அசையவில்லை. ‘உனக்கு என்ன கலர் பிடிக்கும்?’ அதற்கும் பதில் இல்லை. ‘உன் தம்பி பேர் என்ன?’ தம்பி தானே முன்வந்து டீச்சரின் கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். டீச்சர் சிதறியதைப் பொறுக்கினார், பிறகு படிவத்தை எடுத்துப் பேனா மூடியைக் கழற்றினார். தங்கச்சி, நான் எதையும் பத்து மடங்காக்கிச் சொல்கிறவன்தான், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒரு வேடிக்கையும் தோன்றவில்லை. நீ பஸ் படியில் நின்றதுதான் கண்ணில் நின்றது.

எழுதப் போனவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். ‘போர்டுல ஒரு சின்னப் பிழை இருக்கு சார். மூலைக்கு இந்த ‘ளை’ வராது.’

‘பிழை இல்லை’ என்றது திரைச்சீலை.

நீ கேட்டது ஒரு வார்த்தை. இவை இரண்டு!

திரைச்சீலைக்கு வெளியே ஒரு கண் வந்தது, அப்புறம் மூக்கு, அப்புறம் முழுப் பிள்ளையும். ‘அது மாமாவோட மூளை. தொலைஞ்சு போச்சு. நாங்க தேடிட்டிருக்கோம்.’

டீச்சர் என்னைப் பார்த்தார். நான், மூளையைத் தொலைத்தவன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தேன். அதற்கு நடிப்பே தேவைப்படவில்லை.

‘நானும் தேடலாமா?’

‘கை கழுவிட்டு வாங்க.’

கழுவிக்கொண்டு வந்தார்! அடுத்த ஐம்பது நிமிஷம் அந்த அம்மாளை உன் பெண் மூச்சு விடவிடவில்லை. ‘அங்க பார்த்தாச்சு, அது சிவப்பு, அதுல இருக்காது. இது ரொம்பப் பெருசு, மாமாவோடது இவ்வளவு இருக்காது. எண்ணித் தட்டுல வைங்க. பன்னிரண்டு இல்லை, பதிமூணு, மறுபடியும் எண்ணுங்க.’ தனியே ஒரு மூடியில் ஒரு குட்டிப் பச்சைப் பொத்தான் இருந்தது. ‘இது?’ என்று கேட்டார் டீச்சர். ‘இது கொஞ்சம் கிடைச்சது.’ ‘இவ்வளவுதானா?’ ‘மாமாவுக்கு இது போதும்.’ டீச்சர் சிரித்த சிரிப்பில் பேனா தொட்டிக்குள் விழுந்தது. எழுந்து போகும்போது முழங்காலில் மணலோடு, ‘அடுத்த மாசம் முதல் திங்கட்கிழமை அனுப்பிடுங்க சார். போர்டை மாத்தாதீங்க’ என்றார்.

ஆக, பள்ளியில் இடம் கிடைத்தது, உன் வேலை உனக்கே, என் புகழ் திக்கெட்டும். எனக்குப் பாராட்டு விழா எல்லாம் வேண்டாம். சிலை வைத்தே தீருவேன் என்று நீ பிடிவாதம் பிடித்தால், வாசலில் மணல் இருக்கிறது, சிமெண்ட் மட்டும் போதும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி பிள்ளையைத் தண்டிக்க வேறு இடம் பார்த்துக்கொள். வீட்டில் இன்னும் மூன்று மூலை இருக்கிறதே என்பாய், அவற்றையும் விட்டுவிடு. ‘எத்தனை நிமிஷம் மாமா’ என்று அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. மற்றபடி நீ பெரிய பதவியில் அமர்ந்து, நாலு பேரை அதட்டி, அதில் வீட்டுக்கு வரும்போது குரல் கம்மிப்போய், நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

உன் அண்ணன்,
நிறுவனர், கற்றல் மூளை.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் கொஞ்சம் நிறுத்தி வை. உறையை ஒட்டப் போனபோது நீதிபதி வந்து, ‘என்ன எழுதின?’ என்றாள். ‘நீ பள்ளிக்கூடம் போகப்போறதை’ என்றேன். ‘நான் போகலையே’ என்கிறாள். ‘டீச்சர்கிட்ட அவ்வளவு நல்லாப் பேசினியே?’ ‘தேட வந்தாங்க, பேசினேன். மூளை முழுசாக் கிடைக்கிற வரைக்கும் நான் எங்கேயும் வர முடியாது. வேலை பாதில இருக்கு.’ கிடைத்துவிட்டது, இதோ தலைக்குள் போட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்தேன். ‘நீ சொன்னா எப்படி? மூளை இல்லாதவங்களுக்கு அது இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?’ என்று கேட்கிறாள். இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது. யார் சொன்னால் நம்புவாய் என்றேன். ‘அம்மா. இல்லைன்னு சொன்னது அம்மாதானே’ என்று தீர்ப்பு வந்துவிட்டது. மேல்முறையீடு கிடையாது. ஆகவே, இது கிடைத்த பிறகு நீ போன் செய்து அவளிடம் ‘மாமாவுக்கு மூளை இருக்கு’ என்று சொல்ல வேண்டும். மூன்றே வார்த்தை, ஆனால் சிரிக்காமல் சொல்ல வேண்டும். சிரித்தால் கண்டுபிடித்துவிடுவாள், அப்புறம் அவள் படிப்பும் உன் வேலையும் போனதுதான். உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் போனில் திடீரென்று கேட்காமல் தபாலில் எழுதுகிறேன். இரண்டு மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகிக்கொண்டு, அப்புறம் கூப்பிடு.