கஸ்பார் தோட்டாவை இளைக்க வைத்தது

செத்தாலும் மச்சினன் ஸ்தனிஸ்லாஸுக்கு ஒரு தோட்டா தரமாட்டேன் என்று கஸ்பார் முடிவெடுத்து மூன்று வருஷம் ஆகிறது. மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், பந்தி நடுவே, "மாமா சுட்டா பன்னிக்குச் சிரிப்புதான் வரும்" என்றான் அவன். பந்தியே சிரித்தது. அன்றிலிருந்து கோயிலில் ஒருவர் வடக்குச் சுவர், ஒருவர் தெற்குச் சுவர்.

பாகிஸ்தான் சண்டை முடிந்த அந்த வருஷம் கடைக்குப் புதுத் தோட்டா வரவில்லை. ஸ்தனிஸ்லாஸின் நிலக்கடலையைக் காட்டுப்பன்றி உழுதுகொண்டிருந்தது. அவனிடம் துப்பாக்கி இருந்தது, தோட்டா இல்லை. கஸ்பாரிடமோ சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகள் ஒரு டப்பா நிறைய. மருந்தடைத்தால் மறுபடி சுடலாம்.

மனைவி ராயம்மாள் ஒரு கூட்டைக் கமுக்கமாகத் தம்பிக்குக் கொடுத்துப் பார்த்தாள். அவன் துப்பாக்கிக்குள் அது நுழையவில்லை. கஸ்பாரின் துப்பாக்கி பழசு, குழல் தேய்ந்து அகன்றது. அதில் வெடித்த கூடு அந்த அளவுக்கு வீங்கிவிடும். விஷயம் தெரிந்து கஸ்பார் ஒரு மாதம் சிரித்தார். டப்பாவைப் பூட்டக்கூட இல்லை.

"ஏங்க, உங்க துப்பாக்கியிலயே தோட்டா சிக்கிக்கிச்சாமே? பக்கத்துக் காட்டு மாது சொன்னான்."

"லேசா இறுக்கம். அவனுக்கென்ன?"

"ஆணி வச்சு நெம்பினீங்களாம். பன்னி நின்னு வேடிக்கை பாத்துச்சாம்."

கஸ்பாருக்குச் சுருக்கென்றது.

"வளையத்துல நெருக்கினா கூடு இளைக்குமாங்க. சந்தைக்குத்தான் போறேன். கொல்லன் அர்ச்சுனன்கிட்ட ஒண்ணு அடிச்சிட்டு வரட்டுங்களா?"

அவளாகக் கேட்டாள். அங்கேயே அவர் யோசித்திருக்க வேண்டும்.

இரும்பு வளையம் வந்தது. கூட்டை அதில் நிறுத்தி மரச் சுத்தியால் தட்டினார். பாதியில் மாட்டிக்கொண்டது.

"எண்ணெய் தடவாம எப்படிங்க போவும்?"

விளக்கெண்ணெயை அவளே எடுத்து வந்தாள். அவர் தாராளமாக ஊற்றினார். கூடு வழுக்கி, சுத்தி கட்டைவிரலில் இறங்கியது.

"மீனா வறுக்கறீங்க? விரல்ல தொட்டு மெலுசா தடவுங்க!"

தடவினார். இம்முறை முரண்டு பிடிக்காமல் இறங்கியது. பொழுது சாயும்போது உள்ளங்கையெல்லாம் கொப்புளம். ஆனாலும் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துத் தன் துப்பாக்கியில் போட்டுப் பார்த்தார். சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளைபோல உள்ளே போயின. ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காட்டிலிருந்து வந்தால் டப்பா காலி.

"எங்கடி எல்லாம்?"

"தம்பி எடுத்துட்டுப் போனானுங்க."

"எடுத்துட்டுப் போய்? அவன் துப்பாக்கிக்குள்ள போவாதே!"

"போவுதுங்க. அவன் துப்பாக்கி அளவுக்குத்தான அர்ச்சுனன் வளையம் அடிச்சான்."

கஸ்பார் காலி டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"மாமாவே ஒக்காந்து, கை கொப்புளிக்க, உனக்காக நெருக்கிக் குடுத்தாருன்னு சொன்னேன். அழுதுட்டானுங்க. ஞாயித்துக்கெழம குடும்பத்தோட நம்ம வூட்டுக்கு வரானாம், மன்னிப்புக் கேக்க."

இல்லை என்று போய்ச் சொல்லலாம். சொன்னால் பெண்டாட்டி ஏமாற்றியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் கோபம் போய்விடும். மூன்று வருஷம் ஒருநாள் தவறாமல் பார்த்துக்கொண்ட கோபம். அது இல்லாமல் பூசையில் எந்தச் சுவரோரம் நிற்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

உள்ளங்கைக் கொப்புளத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"ஒண்ணாவது சிக்குச்சாமா?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

அதில் கொஞ்சம் பெருமை வேறு வந்து தொலைத்தது.