சர்வே சாரும் நாற்பத்திரண்டு படிவங்களும்

நாலு பேர் கூடி நின்றால் அதில் தலைவர் யார் என்று கண்டுபிடிக்காமல் சோறு இறங்காத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் சைகோனில் என் அறையில் குடியிருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஏதோ உண்டு. எங்களுக்கு அவர் சர்வே சார். மதுரைப் பக்கம். நிறுவனங்களில் தலைமைப் பண்பு பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்வதற்காக இரண்டு பேன்ட்டும் ஒரு பெட்டி நிறையக் கேள்வித்தாளுமாக வந்து இறங்கியிருந்தார்.

வந்த மூன்றாம் நாளே பென் தான் என்ற பெரிய சந்தை எதிரில் நடுரோட்டில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுவிட்டார். மோட்டார் சைக்கிள்கள் வெள்ளமாக வந்து அவரைச் சுற்றிக்கொண்டு போயின.

"அண்ணே, இத்தனை வண்டி போகுது, ஒருத்தனும் ஒருத்தனை இடிக்கல. இவங்களுக்கு யாருண்ணே தலைவர்?"

"முதல்ல ஓரமா வாய்யா. உன்னை இடிக்கப் போறவன்தான் தலைவர்!"

எங்கள் தெருமுனையில் வாடகை மோட்டார் சைக்கிள்காரர்கள் ஐந்து பேர் வண்டி மேலேயே படுத்துத் தூங்கி, முறை வைத்து சவாரி எடுத்து ஒற்றுமையாகப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் போய் "உங்களில் தலைவர் யார்?" என்று கேட்டார். அதுவரை அந்தச் சந்தேகமே அவர்களுக்கு வந்ததில்லை. இரண்டு நாள் காரசாரமாகப் பேசினார்கள். மூன்றாம் நாள் ஐந்து பேரும் ஐந்து முனைக்குப் போய்விட்டார்கள். ஒரு மாதம் நான் ஆபீசுக்கு நடந்தே போனேன்.

ஆபீஸ் என்றால் டான் சோன் நாட் விமான நிலையத்தை ஒட்டிய சரக்கு ஏற்றுமதி ஆபீஸ். அங்கே எல்லாரும் வியட்நாம்காரர்கள், நானும் மேலாளரும் மட்டும் தமிழர்கள். நானே சர்வே சாரை அவரிடம் அழைத்துப் போனேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். தலைமைப் பண்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் மேலாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன்னைப் பற்றி ஒரு புத்தகமே வரப் போகிறது என்று நினைத்துவிட்டார்.

நாற்பத்திரண்டு பேருக்கும் படிவம் கொடுக்கப்பட்டது. கடைசிப் பக்கத்தில், 'உங்கள் மேலாளரைப் பற்றி மனம்விட்டு எழுதுங்கள். வசதியான மொழியில் எழுதலாம். பெயர் வேண்டாம்' என்று போட்டிருந்தது. எட்டு வருஷமாக அடக்கி வைத்திருந்தேன். 'அவர் ஒரு வாழைப்பழச் சோம்பேறி' என்று தொடங்கி இரண்டு பக்கமும் நிரப்பினேன். பெயர் போடவில்லை. அந்த நிம்மதியில் மத்தியானம் இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சூப் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மேலாளர் சர்வே சாரிடம் சொன்னார்: "திங்கட்கிழமை நாப்பத்திரண்டு ஃபார்மும் என் டேபிளுக்கு வரணும். பார்த்துட்டுத்தான் அனுமதிக் கடிதத்துல கையெழுத்து."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஆபீசில் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மேலாளர்.

வேலை போனால் விசா போகும். அடுத்த மாதம் மனைவியும் மகளும் வந்து சேர டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடமும் கிடைத்துவிட்டது.

"யோவ், என் ஃபார்மைக் கிழிச்சுப் போட்டுடுய்யா!"

"அது தப்புண்ணே. ஒருத்தர் கருத்தைத் தூக்கிப் போட்டா அது ஆராய்ச்சியே இல்ல. அதோட அவரு எண்ணி வச்சிருக்காரு."

"என் பொழப்பு போகுதுய்யா!"

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எங்கள் ஆபீசில் ஆவணங்கள் பார்க்கும் ஹுவோங் வீட்டுக்குப் போய்விட்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் அவரை என்னென்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே அச்சிட முடியாது.

திங்கட்கிழமை மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். படிவங்களைப் புரட்டினார். முகம் ஒரு மாதிரி ஆனது.

"என்னய்யா இது? எல்லாமே தமிழ்ல இருக்கு! எல்லாம் ஒரே கையெழுத்து!"

"ஆமா சார். ஒரே சீரா இருக்கட்டுமேன்னு எல்லாத்தையும் தமிழ்லயே எழுதிட்டேன். உங்களுக்கும் படிக்க வசதி."

"வாழைப்பழச் சோம்பேறின்னு நாலு பேர் எழுதியிருக்கானுங்க. வியட்நாம்ல அப்படிச் சொல்வாங்களா?"

"அவங்க சொன்னதுக்கு அதுதான் சார் சரியான தமிழ். மத்த மூணு பேர் சொன்னது இன்னும் மோசம்."

மற்ற மூன்று பேர்! என்னைக் கழித்துவிட்டு எண்ணுகிறார். மேலாளர் அதைக் கவனிக்கவில்லை. "ஆக, மொத்தப் பேருக்கும் நான் ஆகாது?" என்றார். "தினம் போடுற மீட்டிங்கைக் குறைச்சா ஆகும் சார்" என்றார் சர்வே சார், கூசாமல். மேலாளர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து நான் அழுதேன், சிரித்தேன், இரண்டையும் சேர்த்தும் செய்தேன்.

மூன்று வாரம் கழித்து ஹுவோங் ஒரு விஷயம் சொன்னாள். அந்த இரண்டு நாளும் அவள் ஒவ்வொன்றாகப் படித்து ஆங்கிலத்தில் சொல்ல, சர்வே சார் விரல் வீங்க வீங்கத் தமிழில் எழுதியிருக்கிறார். முடிந்ததும் மூலப் படிவங்கள் நாற்பத்திரண்டையும் அவள் வீட்டு அடுப்பில் போட்டுவிட்டார். மூலம் இல்லாத ஆராய்ச்சி செல்லாது என்று அவருடைய பேராசிரியர் சொல்லிவிட்டாராம். சோலோன் பக்கம் ஒரு செருப்புப் பட்டறையில் முதலிலிருந்து தொடங்கப் போகிறார். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போய்விட்டது. என்னிடம் மூச்சு விடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மனைவியும் மகளும் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்துக்கு அவரும் வந்தார். பெட்டிகளைக்கூட வாங்கவில்லை. மகள் முன்னால் குந்தி உட்கார்ந்து, "பாப்பா, உங்க வீட்டுல யாரு தலைவர்?" என்று கேட்டார். அவள் யோசிக்காமல் அம்மாவைக் காட்டினாள். அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தேதி, கிழமை, நேரம் எல்லாம் போட்டு நிதானமாக எழுத ஆரம்பித்தார்.

வெயில் கொளுத்தியது. மனைவி என்னை முறைத்தாள். அவர் எழுதி முடிக்கும்வரை நான் நகரவில்லை. சாயங்காலம் வரை எழுதியிருந்தாலும் நின்றிருப்பேன்.