முன்கூட்டி போட்ட சாவு பட்ஜெட்

எங்கள் தெருவில் சாவதற்குக்கூட முன்கூட்டியின் சம்மதம் வேண்டும். எமனே வந்தாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, இந்த வருசம் இடம் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பான்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பேர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. தெருவுக்கு அவர் முன்கூட்டி. நாளைக்குப் பெய்யப்போகிற மழைக்கு இன்றைக்கே குடை விரிப்பார். விக்கல் வந்துவிடும் என்று பயந்து அவசரமாகத் தண்ணீர் குடிப்பார். அந்த அவசரத்தில் விக்கல் வரும். "பாத்தியா, நான் சொன்னேம்லா" என்பார்.

தெருவில் சொந்த வீடு உள்ளவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். வீட்டுக்கு வீடு வருச வரி பிரிப்போம். தெருவிளக்குக்கு மண்ணெண்ணெய், பொதுக்கிணறு இறைப்பு, அம்மன் கோயில் கொடை, யாராவது செத்தால் பிணத்துக்குப் போர்த்தக் கோடித்துணியும் கஞ்சிக்கு அரிசியும். இதெல்லாம் சங்கத்துச் செலவு. முன்கூட்டி தலைவர். நான் பொருளாளர். பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் போனது அங்கே நின்ற புளியமரத்தில் கல்லெறிய மட்டும்தான். அதனாலேயே என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். திருட நினைத்தாலும் எவ்வளவு திருடினோம் என்று தெரிய வேண்டுமே. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளுடையது, பொய் இருந்தால் என்னுடையது.

வெள்ளைக்காரன் போன புதிது. அரிசி ரேஷனில், துணி கண்ட்ரோலில். கையிலிருக்கும் திருவிதாங்கூர் சக்கரக் காசு செல்லாமல் போய் இந்தியா ரூபாய் வரப்போகிறது என்று சந்தையில் பேச்சு. அதுவரைக்கும் எங்கள் சங்கத்தில் குத்துமதிப்பாகத்தான் செலவு நடந்தது. சர்க்கார் பட்ஜெட் போட்ட செய்தியை முன்கூட்டி பத்திரிகையில் படித்த அன்றைக்கு எங்களுக்குச் சனி பிடித்தது.

சங்கத்துக்கும் பட்ஜெட் போடக் கூட்டம் கூட்டினார். விளக்குச் செலவு லேசாக முடிந்தது. நிலா காய்கிற நாளெல்லாம் விளக்கு கிடையாது என்றார். கிணறும் கொடையும் ஒருவழியாக அடங்கின. சாவில் வந்து வண்டி நின்றது.

"எத்தன பேரு போவான்னு தெரியாம எப்பிடிடே பட்ஜெட்டு போட?" என்றார்.

தெய்வத்தின் கையில் இருக்கிற விசயமல்லவா என்று ஒருத்தர் இழுத்தார். தெய்வம் வரி கட்டுகிறதா என்று கேட்டு அவரை உட்கார வைத்தார்.

மறுநாளிலிருந்து வீடு வீடாகப் பரிசோதனை. சுகம் விசாரிக்கிற மாதிரிதான் வருவார். வயசானவர்கள் படியேறுகிற அழகைப் பார்ப்பார். சாப்பிடுகிற நேரத்துக்கு வந்து, எத்தனை தடவை சோறு வாங்குகிறார்கள் என்று பார்ப்பார். தெருமுனையில் அவர் தலை தெரிந்தாலே கிழடுகட்டைகள் இருமலை விழுங்கிக்கொண்டன. எதிர்வீட்டுப் பாட்டா ஒருத்தர், அவர் வருகிறார் என்று தெரிந்ததும் உலக்கையை எடுத்து வெறும் உரலில் குத்த ஆரம்பித்தார். முன்கூட்டி திருப்தியோடு தலையாட்டிவிட்டுப் போனார். பாட்டா இரண்டு நாள் பாயோடு கிடந்தார்.

கடைசியில் அறிவித்தார்: இந்த வருசம் இரண்டு சாவு. அதற்கு மேல் வகையில்லை. கண்ட்ரோல் கடையில் கெஞ்சி இரண்டு கோடித்துணி வாங்கிப் பெட்டியில் வைத்தாயிற்று. ஆள் யார் யார் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.

எங்கள் அம்மைக்கு அன்றிலிருந்து உறக்கமில்லை. அவளுக்கு வறட்டு இருமல் உண்டு. முன்கூட்டி எங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை வந்து போயிருந்தார். நான் போய் ரகசியமாக விசாரித்தேன். பயப்பட வேண்டாம், அவள் கணக்கில் இல்லை என்றார். சந்தோசமாக ஓடிவந்து சொன்னேன்.

அம்மை எழுந்து உட்கார்ந்தாள். "அப்பம் நான் செத்தா எனக்குக் கோடி கெடையாதாக்கும்? வருசந்தப்பாம வரி கட்டுகது எதுக்குலே?"

அன்றைக்கு எனக்குச் சோறு கிடைக்கவில்லை.

ஐப்பசிக்குள் தெருவில் இரண்டு பெரியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். கணக்கு தப்பவில்லை என்று முன்கூட்டிக்கு உள்ளூரப் பெருமை, வெளியே அழுதார். பெட்டி காலி. அடுத்த துணி எப்போது வரும் என்று கடைக்காரனுக்கே தெரியாது.

கார்த்திகை மழையில் அம்மை விழுந்தாள். காய்ச்சல், நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. வைத்தியர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பு என்றார். அப்போது கல்யாணமாகாத எனக்கு அம்மையை விட்டால் ஆளில்லை. நேரே முன்கூட்டி வீட்டுக்குப் போய் வாசலில் நின்று அழுதேன்.

அவர் செருப்புக்கூடப் போடாமல் வந்தார். அம்மையின் பாய் பக்கத்தில் குனிந்து, ஆபீசில் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர் மாதிரி சொன்னார்: "மைனி, இந்த வருசம் நடக்காது. வகையில்ல. கொஞ்சம் பொறுக்கணும்."

அம்மை ஒரு கண்ணைத் திறந்தாள். அந்த ஒரு கண்ணாலேயே அவரைத் திட்டினாள்.

கொட்டுகிற மழையில் அவரே ஒரு வில்வண்டி பிடித்து வந்தார். நெய்யூர் ஆஸ்பத்திரி வரைக்கும் அம்மையின் தலைமாட்டில் உட்கார்ந்து குடை பிடித்தார். வண்டிக் கூரை ஒழுகி, குடை நனைந்து, அவர் நனைந்து, அம்மை மட்டும் நனையவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரை மடக்கி, "இது பட்ஜெட்டுல இல்லாத கேசு சார், பாத்துச் செய்யணும்" என்றார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மைக்கு உறவா என்று கேட்டார். "சங்கத் தலைவராக்கும்" என்றார் இவர். டாக்டர் அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

அம்மை பிழைத்து வரும் வரைக்கும் மனிதர் ஊருக்குத் திரும்பவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, மருந்து நேரத்துக்கு முன்னாலேயே நர்சைக் கூப்பிட்டுத் திட்டு வாங்கினார். வண்டிக்கும் பாலுக்கும் ஆன செலவைச் சங்கத்தில் எந்தக் கணக்கில் சேர்க்க என்று பொருளாளர் தோரணையில் கேட்டேன். "வாய மூடிக்கிட்டுக் கெட மக்கா" என்றார்.

அடுத்த வருச பட்ஜெட் கூட்டம். புது ரூபாய் வந்து, பழைய கணக்கு ஒன்றுமே ஒட்டாமல் ஆளுக்கொரு விலை சொல்லிக்கொண்டிருந்த காலம். சுவரோரமாய் அம்மையும் வந்து நின்றாள். இந்தத் தடவை எத்தனை என்று எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

முன்கூட்டி தொண்டையைச் செருமினார். "கெட்ட காலம். இந்த வருசம் சாவுக்கு ஒண்ணும் ஒதுக்கல. ஒருத்தரும் போகப்பிடாது."

ஒருத்தர் சிரித்தார். பிறகு எல்லாரையும் போல அவரும் கையைத் தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது.

அந்த வருசம் எங்கள் தெருவில் ஒரு சாவும் இல்லை. முன்கூட்டிக்குப் பயந்துதான் எல்லாரும் சாகாமல் இருந்தார்கள் என்று ரொம்ப நாள் சொல்லித் திரிந்தேன். பயந்து இல்லை. போய்விட்டால் பாவம், மனுசன் தவித்துப்போவாரே என்றுதான் இருந்தார்கள்.